காற்புள்ளிப் பாட்டு

புதுக்கொற்கையில் காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, எல்லாரும் காற்றைக் கேட்பார்கள்.

செவ்வாய்க் கிரகத்தின் பாறைக்கு அடியில் நானூறு மீட்டர் நீளத்துக்குக் குடைந்த குழாய்தான் அந்த ஊர். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து, கடல் அலுத்துப்போய்க் கிளம்பி வந்தவர்களும் இங்கே அவர்களுக்குப் பிறந்தவர்களும்தான் பெரும்பாலோர். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஒலிபெருக்கி உண்டு. தம்புராவை மீட்டியதுபோல் அதிலிருந்து ஒரே சுதி வந்துகொண்டிருக்கும். சுதி சரியாக இருந்தால் காற்று சரியாக இருக்கிறது என்று பொருள். பிறகு நிம்மதியாகப் பல் துலக்கலாம்.

ஆரம்பத்தில் சங்குதான் வைத்திருந்தார்கள். யாராவது கதவை இரண்டு தடவை திறந்து மூடினால்கூட அது அலறியது. குழந்தைகள் வீறிட்டன, பெரியவர்களுக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பக்கத்துப் பள்ளத்தாக்குக் குடியிருப்பிலிருந்து 'பாடினி' என்ற இசை மென்பொருளை வாங்கி வந்தார்கள். காற்றழுத்தமானிகள் தரும் எண்ணைப் பாடினி சுரமாக மாற்றும். எண் ஏறினால் சுரம் ஏறும், இறங்கினால் இறங்கும். ஓட்டை விழுந்து காற்றுக் கசிந்தால் சுதி இறங்குவதைக் கேட்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆறு வருடமாக அப்படி ஒருமுறைகூட நடக்கவில்லை. அதனால் ஆறு வருடமாக ஊரே ஒரே சுரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

கருவியறையின் பொறுப்பாளர் ஜெபக்கனி. வயது நாற்பத்து மூன்று. சுதியில் மயிரிழை பிசகினாலும் அவளுக்குப் பின்னங்கழுத்தில் அரிக்கும். ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை அந்த அரிப்பு தொடங்கி, மூன்று வாரம் நிற்கவில்லை.

முந்தைய நாள்தான் ஊர்த் தலைவர் தளவாய் அண்ணாச்சி புது அழுத்தமானிகளைத் திறந்துவைத்திருந்தார். ஊர்ப் பட்டறையிலேயே செய்தவை. பழையவை எண்ணை எப்படி எழுதினவோ யாருக்கும் தெரியாது, யாரும் பார்த்ததும் இல்லை. ஆனால் புதியவை நம் முறைப்படிதான் எழுத வேண்டும், லட்சத்துக்கு ஒரு காற்புள்ளி, ஆயிரத்துக்கு ஒரு காற்புள்ளி போட வேண்டும் என்று அண்ணாச்சி தனித் தீர்மானமே போட்டிருந்தார். "எவன் ஊர்க் கிரகத்துக்குப் போனாலும் லட்சம் லட்சமாத்தான் இருக்கணும்" என்று திறப்பு விழாவில் பேசிக் கைதட்டல் வாங்கினார். வழக்கமான அழுத்தம் ஒரு லட்சத்து ஆயிரத்து முந்நூற்று இருபத்தைந்து பாஸ்கல். அதை மானிகள் 1,01,325 என்று அழகாக எழுதின.

மறுநாள் காலை சுவர்களிலிருந்து சுதி வரவில்லை. பாட்டு வந்தது.

தும், தும், ணீங். தும், தும், ணாங். கீழே இரண்டு தட்டு, மேலே ஒரு சுரம். கீழ்த் தட்டு மாறவே இல்லை. மேல் சுரம் மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, யாரோ வாய்க்குள் முனகுவதுபோல் அலைந்தது. பல் துலக்கப் போனவர்கள் தூரிகையும் கையுமாக நின்று கேட்டார்கள். பத்து மணிக்குள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதற்குக் குதிக்க ஆரம்பித்தன. மாலையில் நடன ஆசிரியை பூமயில் மூன்று தட்டுக்கு அடவு கட்டிவிட்டாள்.

ஜெபக்கனி பாடினியிடம் கேட்டாள்.

"என்ன பண்ணிக்கிட்டு இருக்க நீ?"

"வந்த எண்களை இசைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றது பாடினி. அது எப்போதும் பாடப்புத்தகம்போல்தான் பேசும்.

"ஏதாவது பிழை இருக்கா?"

"ஒரு பிழையும் இல்லை. எல்லாம் நல்ல எண்கள்."

அவள் ஒலிபெருக்கிகளை மாற்றினாள். கம்பிகளைத் துடைத்தாள். பாடினியை மூன்று முறை அணைத்து எழுப்பினாள். ஒரு மானியைக் கழற்றி வேறொன்றைப் பூட்டினாள். எல்லாம் செய்து முடித்த பிறகும் தும், தும், ணீங். அப்போதைக்குப் பழைய மானிகளையே திரும்பப் பூட்டலாம் என்று அண்ணாச்சிக்கு ஒரு மனு எழுதினாள்.

அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்.

"கனி, ஆறு வருஷமா 'ஊம்'னு ஒரே ஊளை. மனுசன் கேப்பானா? இப்பதான் ஊருக்கு ஒரு களை வந்திருக்கு. நீ ஏன் அதைக் கெடுக்கணும்?"

"அண்ணாச்சி, அது பாட்டு இல்ல. காத்து. காத்து எப்படி இருக்குன்னு இப்ப காதுக்குத் தெரியல."

"காத்து நல்லாத்தான் இருக்கு. இந்தா, மூச்சு விடுதோமே."

அவள் இரண்டாவது மனு கொடுத்தாள், மூன்றாவதும் கொடுத்தாள். மூன்றாவது மனுவுக்குள் விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஜெபக்கனிக்குப் பாட்டு ஆகாதாம், பிள்ளைகள் ஆடினால் வயிறெரிகிறதாம். கடைத்தெருவில் அவளைக் கண்டதும் சிலர் வேண்டுமென்றே தாளம் தட்டினார்கள். அவள் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து சட்டியைக் கொஞ்சம் பலமாக வைத்தாள், அவ்வளவுதான்.

குடியேற்ற நாள் வந்தது. ஊர் முழுக்க, கைக்குழந்தைகள் உட்பட, மதியம் மன்றத்தில் கூடியது. கருவியறை, குழாயின் மேற்கு முனையில், கனத்த காப்புக் கதவுக்கு அப்பால் இருந்தது. பக்கத்திலேயே பெரிய இயந்திரக் கூடம். அந்தப் பகுதிக்குத் தனிக் காற்று; கதவு திறந்திருந்தாலும் குறைவதை உடனுக்குடன் நிரப்பும் தொட்டிகள் அங்கேயே இருந்தன. ஜெபக்கனி விழாவுக்குப் போகவில்லை. இன்றைக்கு யாரும் வந்து தொந்தரவு செய்யமாட்டார்கள், உட்கார்ந்து இதை ஒரு கை பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். தன் அறை ஒலிபெருக்கியை மட்டும் அணைத்துவிட்டு, காதுப்பொறியை மாட்டிக்கொண்டு, மானிகள் எழுதிய எண்களின் நேற்றைய கோப்பைத் திறந்து வைத்துச் சோதிக்கத் தொடங்கினாள்.

மூன்று வாரமாக இயந்திரத்தில் தேடியதை அன்றைக்கு எண்ணில் தேடினாள். கோப்பின் முதல் வரியை மட்டும் எடுத்துப் பாடினியிடம் கொடுத்தாள். 1,01,325. தும், தும், ணீங்.

"இப்ப எத்தனை எண் வந்துச்சு உனக்கு?"

"மூன்று" என்றது பாடினி.

ஜெபக்கனி திரையைப் பார்த்தாள். ஒரே எண்தான் இருந்தது.

"எந்த மூணு? சொல்லு."

"ஒன்று. ஒன்று. முந்நூற்று இருபத்தைந்து."

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். பிறகு காற்புள்ளிகளை எடுத்துவிட்டு 101325 என்று தட்டினாள். காதுக்குள் ஊசி இறங்கியதுபோல் ஒரு கீச்சு கேட்டது. பொறியைப் பிடுங்கி எறிந்தாள். காது வலித்தது, ஆனால் ஒரே ஒரு சத்தம்தான். ஓர் எண்ணுக்கு ஒரு சத்தம்.

பாடினியை எழுதியவர்கள் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்கள். அவர்கள் வழக்கத்தில் எண்ணுக்குள் காற்புள்ளி வராது. காற்புள்ளி வந்தால் ஓர் எண் முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது என்று அர்த்தம். அண்ணாச்சியின் லட்சத்தை அது மூன்று துண்டாக நறுக்கி மூன்று சுரமாகப் பாடிக்கொண்டிருந்தது. புது மானி பூட்டினால் அன்றைக்கு வரும் எண்களை வைத்தே பாடினி தன் அளவை அமைத்துக்கொள்ளும்; ஆகவே ஒன்று அடித்தட்டானது, முந்நூற்றுச் சொச்சம் உச்சச் சுரமானது. கதவு திறப்பதாலும் ஆட்கள் நடப்பதாலும் கடைசி மூன்று இலக்கங்கள் எப்போதும் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்துக்குத்தான் ஊரே ஆடியது.

"என்னட்ட ஏன் இதைச் சொல்லல?"

"நீங்கள் பிழை இருக்கிறதா என்று கேட்டீர்கள். பிழை இல்லை. எத்தனை எண் என்று இன்றுதான் கேட்டீர்கள்."

ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. அப்போது தொலைபேசி அடித்தது. பூமயில் மன்றத்திலிருந்து கூப்பிட்டாள்.

"கனியக்கா, உனக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். ரொம்பப் பெரிய மனசு உனக்கு."

"எதுக்கு?"

"புதுப் பாட்டு போட்டுவிட்டியே, அதுக்குத்தான். ரெண்டு தட்டு. கும்மிக்கு என்னா வாகா இருக்கு தெரியுமா. ஒரு மணி நேரமா நிப்பாட்டாம ஆடுதோம்."

"நான் ஒண்ணும் போடலியே."

"சும்மா சொல்லாத. முதல்ல மூணு தட்டா இருந்துச்சு, இப்ப ரெண்டு. அதுவும் கீழ்த் தட்டு கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக்கிட்டே வருது, கேக்கவே சொகமா இருக்கு." பூமயில் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இரு, இளைக்குது. வயசாயிட்டு எனக்கு."

அவள் வைத்துவிட்டாள். ஜெபக்கனி திரையில் இருந்த எண்ணை மறுபடி பார்த்தாள். 1,01,325-இல் இரண்டு காற்புள்ளி, மூன்று துண்டு. இரண்டு துண்டு வர வேண்டுமானால் ஒரே ஒரு காற்புள்ளிதான் இருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி உள்ள எண் எது?

லட்சத்துக்குக் கீழே உள்ள எண்.

பின்னங்கழுத்தில் அரிப்பு இல்லை. பனிக்கட்டி வைத்ததுபோல் இருந்தது. நேற்றைய கோப்பை மூடிவிட்டு இன்றைய கோப்பைத் திறந்தாள். நண்பகலில் 1,01,310. இரண்டரை மணிக்கு 99,846. இப்போது மூன்றரை. கடைசி வரியில் 74,190 என்று இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 74,152 ஆனது. கிழக்கு முனை மானியில்தான் இறக்கம் முதலில் தொடங்கியிருந்தது; அங்கே சரக்கு இறக்கும் கதவின் ரப்பர் விளிம்பு எங்கோ கிழிந்திருந்தது. கிழிசல் பெரிதாகிக்கொண்டும் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாற்பது நிமிடத்தில் குழந்தைகள் மயங்கி விழும். அதற்கு மேல் கணக்குப் போட அவளுக்குக் கை வரவில்லை.

மன்றத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கியில் பேசினாள். குரல் நடுங்கக் கூடாது என்று மெதுவாகப் பேசினாள். "எல்லாரும் கேளுங்க. காத்துக் கசியுது. பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு மேற்குக் கூடத்துக்கு வாங்க. ஓட வேண்டாம், உடனே வாங்க."

பதிலுக்குத் தொலைபேசியில் தளவாய் அண்ணாச்சி வந்தார். பின்னால் கும்மிச் சத்தம் நிற்கவில்லை.

"கனி, இது உனக்கே நல்லா இருக்கா? நல்ல நாளும் அதுவுமா."

"அண்ணாச்சி, எழுபத்து நாலாயிரம். நான் திரையில பாத்துக்கிட்டு இருக்கேன்."

"மூணு மனு கொடுத்த, நடக்கல. இப்ப இப்படி ஒரு வழி கண்டுபிடிச்சிருக்க."

"உங்களுக்கு மூச்சு வாங்கலியா?"

"ஆடினா வாங்கத்தான் செய்யும்."

"நீங்க ஆடினியளா?"

அண்ணாச்சி ஆடவில்லை. ஆனால் அதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. "சாப்பாடு கொஞ்சம் கூடிப்போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பூமயிலைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பள்ளி ஆசிரியரைக் கூப்பிட்டாள். "அடுத்த ஆட்டம் முடியட்டும், சொல்லுதேன்" என்றார் அவர். திரையில் 72,880. நேரே ஓடிப்போய் இழுத்து வரலாம். எத்தனை பேரை இழுக்க முடியும்? இரண்டு கையால் இரண்டு பேரை. ஆத்திரமாக வந்தது. மூன்று வாரமாக யாருமே அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதை நினைத்த கணத்தில் அவள் கை பாடினியின் விசைக்குப் போனது. திட்டமாகப் போனதா, ஆத்திரத்தில் போனதா என்று பின்னால் விசாரணையில் கேட்டார்கள். அவளுக்கே தெரியவில்லை. விசையை இறக்கினாள்.

ஊர் முழுக்க இருந்த எல்லா ஒலிபெருக்கிகளும் ஒரே நேரத்தில் அடங்கின. காப்புக் கதவைத் தாண்டி, குழாயின் நடுவே இருந்த மன்றத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் முணுமுணுப்பு. பிறகு இரைச்சல். பிறகு காலடி ஓசை, ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில்.

ஜெபக்கனி காப்புக் கதவை முழுக்கத் திறந்துவைத்து, இயந்திரக் கூடத்தின் உள்கோடிக்குப் போய் நின்றுகொண்டாள். திட்டுவதற்கு வருகிறவர்கள் முகத்துக்கு நேரே வந்துதான் திட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். நினைத்தபடியே வந்தார்கள். காலில் சலங்கையோடு பூமயில் முன்னால் வந்தாள். பின்னால் பள்ளி ஆசிரியர், பட்டறைக்காரர்கள், இடுப்பில் பிள்ளைகளோடு தாய்மார்கள், இலையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டுக் கை கழுவாமல் வந்தவர்கள்.

"பாட்டை எதுக்கு நிப்பாட்டின?"

"யாரைக் கேட்டு நிப்பாட்டின?"

"நல்லா ஆடிக்கிட்டு இருந்த பிள்ளைகள் அழுவுது பாரு."

"சொல்லுதேன், உள்ள வாங்க. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்காது, எல்லாரும் உள்ள வாங்க" என்று அவள் பின்வாங்கிக்கொண்டே போனாள். கேட்க வேண்டுமென்று அவர்களும் நெருக்கியடித்து உள்ளே வந்தார்கள். கதவின் மேல் ஆள் எண்ணும் கருவி இருந்தது. அவளையும் சேர்த்து இருநூற்றுப் பதினொன்று காட்டியது.

ஒருவர் குறைகிறார். யார் என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. தளவாய் அண்ணாச்சி மன்றத்திலேயே உட்கார்ந்திருந்தார். பாட்டு நின்றால் ஊர் தலைவரிடம்தான் வந்து முறையிட வேண்டும். தலைவர் எழுந்து கருவியறைக்கு ஓடுவது முறையல்ல என்று அவர் கருதினார். அவள் தொலைபேசியில் எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. கூடத்துச் சுவரின் சிறு திரையில் 68,300.

ஜெபக்கனி குரலைத் தாழ்த்தினாள். "அண்ணாச்சி, வாரதும் வராததும் உங்க இஷ்டம். இங்க எல்லாரும் ஒண்ணா கூடியாச்சு. தலைவரை மாத்தணும்னு பேச்சு அடிபடுது. கை தூக்கச் சொல்லுதாங்க."

ஒன்றரை நிமிடத்தில் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அறுபத்தொரு வயதில், குறைந்த காற்றில், அந்தக் குழாயின் பாதி நீளத்தையும் ஓடி வந்திருந்தார். அவர் உள்ளே காலை வைத்ததும் கனத்த கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. ஜெபக்கனி பெருமூச்சு விட்டாள். கூடத்தின் நல்ல காற்றுதான் என்றாலும் அவளுக்கும் அப்போதுதான் மூச்சு வந்ததுபோல் இருந்தது.

பிறகு கூடத்தின் பெரிய திரையில் எண்ணைப் போட்டுக் காட்டினாள். கதவுக்கு அந்தப் பக்கம், 66,912. அவர்கள் பார்க்கப் பார்க்க இறங்கியது. அடுத்த பதினைந்து நிமிடத்தில் கிழிசல் முழுக்கப் பிளந்து எண் சரசரவென்று சரிந்தது. மன்றத்தில் தொங்கிய காகிதத் தோரணங்கள் எல்லாம் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து பறப்பதைப் படக்கருவி காட்டியது. பூமயில் தரையில் உட்கார்ந்து சலங்கையைக் கழற்றத் தொடங்கினாள். முடிச்சு அவிழவில்லை. ஜெபக்கனி குனிந்து அவிழ்த்துவிட்டாள்.

"ரெண்டு தட்டுன்னு உன்கிட்ட சந்தோசமா சொன்னேனேக்கா" என்றாள் பூமயில்.

"நீ சொன்னதாலதான் எனக்குத் தெரிஞ்சுது" என்றாள் ஜெபக்கனி.

பழுதுபார்க்கும் இயந்திரன்கள் கதவுக்குப் புது விளிம்பு போட்டு, குழாயில் மறுபடி காற்றை நிரப்ப ஆறு மணி நேரம் ஆகும் என்று அறிவிப்பு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். சாவு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறது என்பதை எல்லாரும் யோசித்துக்கொண்டிருப்பதாக ஜெபக்கனி நினைத்தாள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரிதாம்மா. அதுவரைக்கும் இங்க அந்தப் பாட்டைப் போட முடியுமா?"

விசாரணை மூன்று நாள் நடந்தது. அனுமதி இல்லாமல் பாட்டை நிறுத்தியதற்காக ஜெபக்கனிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும், இருநூற்றுப் பதினொரு உயிரைக் காத்ததற்காக ஒரு பாராட்டுக் கடிதமும் ஒரே உறையில் வந்தன. மானிகள் காற்புள்ளி போட்டே எழுதட்டும், பாடினியிடம் போகுமுன் அதை உரித்துவிடுகிறேன் என்று அவள் சொன்னதும் அண்ணாச்சியின் லட்சமும் பிழைத்தது. கருவியறையில் பழைய சுதி திரும்பியது. அதை அவள் மட்டும் கேட்டாள். வீடுகளில் மூன்று தட்டுப் பாட்டின் பதிவு ஓடியது. ஆபத்து வந்தால் பாட்டு நின்றுவிடும். ஒவ்வொரு மாதமும் ஒத்திகை நடந்தது. ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடத்துக்குள் மொத்த ஊரும் கோபமாக வந்து சேர்ந்தது.

இந்த நான்கு நிமிடத்தைப் பூமியில் இருந்த பாதுகாப்பு அலுவலகம் முதலில் நம்பவில்லை. மற்றக் குடியிருப்புகளில் சங்கு ஊதி ஊதி ஒன்றரை மணி நேரத்தில் பாதிப் பேரைத்தான் பாதுகாப்பான கூடத்துக்குக் கொண்டுவர முடிகிறது. என்ன முறை என்று கேட்டு எழுதினார்கள். ஜெபக்கனி நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினாள். சில வாரம் கழித்து மெய்கண்டான் என்ற அதிகாரியிடமிருந்து பதில் வந்தது.

தங்கள் பதினோரு மாடி அலுவலகத்திலேயே சோதித்துப் பார்த்ததாக அவர் எழுதியிருந்தார். முதலில் வழக்கம்போல் தீச்சங்கு ஊதினார்கள். ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை. சிலர் சத்தம் வருகிறதென்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். படிக்கட்டில் உண்மையாகவே புகை போட்டார்கள். யாரோ சாம்பிராணி என்றார். கடைசியில் சங்கை நிறுத்திவிட்டு, எல்லாருடைய உள்ளங்கைக்குள்ளும் பதித்திருக்கும் கைப்பேசிகளுக்கு வரும் அலைவரிசையை மட்டும் துண்டித்தார்கள். மூன்று நிமிடத்தில் பதினோரு மாடியும் காலியாகிவிட்டது.

"ஆயிரத்து நானூறு பேரும் நடுத்தெருவில் நின்று, உள்ளங்கையை வானத்தைப் பார்த்து உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்" என்று முடித்திருந்தார் மெய்கண்டான். "வழிப்போக்கர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். எங்கள் சன்னல்களிலிருந்து புகை வந்துகொண்டுதான் இருந்தது. கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை."